கப்பலேறி வந்த கொடிகள்

மலரை விரும்பாதவர் உலகில் உண்டோ? ஆனால் மலரை விரும்புவது வேறு, மலர்க்கொடியை வளர்ப்பது வேறு. "தண்டையார்பேட்டையில் தோட்டமா? உப்புத் தண்ணீரும் லாரிப் புழுதியும் ஒட்டுக்குடித்தன வீடுமாய் இருக்கையில் பூங்கொடி எங்கே படரும்?" என்று நம் தோழியர் பலர் கேட்கின்றனர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறே கேட்டவர்கள்தாம்.

நாங்கள் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, எங்கள் அறிவியல் ஆசிரியை ஆளுக்கொரு போத்தைக் கையில் கொடுத்து, "வீட்டில் நட்டு வளர்த்து வாருங்கள்" என்றார். ஆர்வத்தோடு வாங்கிச் சென்றோம். ஆண்டு முடிவில் பார்த்தால் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தன. நீர் ஊற்றாமல் கெட்டவை சில. நீரை ஊற்றி ஊற்றியே நாங்கள் கெடுத்தவை பல. எல்லாக் கொடிகளையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு நீர் ஊற்றியதே எங்கள் பிழை. "பிள்ளைகளே, ஒரு கொடி எந்த ஊரில் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். அதற்கு என்ன வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்" என்றார் ஆசிரியை. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நாங்கள் கற்றவற்றைத் தங்கைமார்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

கடல் கடந்து வந்தவை

நம் வீடுகளில் அழகுக்காக வளர்க்கப்படும் செடி கொடிகளுள் பல, நம் நாட்டில் தோன்றியவை அல்ல. காகிதப்பூவும் அலமண்டாவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. நித்திய கல்யாணி மடகாஸ்கர் தீவில் பிறந்தது. மணி பிளாண்ட், பசிபிக் பெருங்கடலிலுள்ள மோரியா என்னும் சிறு தீவைத் தாயகமாகக் கொண்டது. இவையெல்லாம் எப்படி வந்தன? கடல் வழியாகத்தான்.

அக்காலத்தில் கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. உப்புச் சாரலும் நன்னீர்ப் பஞ்சமும் அவற்றைக் கொன்றன. இலண்டனில் வாழ்ந்த நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர், 1829-ஆம் ஆண்டு ஒரு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் சிறு பெரணிச் செடி முளைத்து, நீர் ஊற்றாமலே வாழ்வதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணிலேயே சொட்டியதுதான் காரணம். அதைக் கொண்டு அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்து, 1833-இல் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை வாடாமல் சென்று சேர்ந்தன. அதன் பிறகு உலகெங்கும் செடிகள் 'வார்டியன் பெட்டி'யில் பயணம் செய்தன.

நம் சென்னையிலும் 1835-ஆம் ஆண்டு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. அயல்நாட்டுச் செடிகளை இங்கே பழக்கிப் பெருக்கியதில் அதற்குப் பங்குண்டு.

இதிலே நமக்கு ஒரு பாடமும் உண்டு. கப்பலிலே செடியைக் கொன்ற அதே உப்பு, நம் மொட்டை மாடியிலும் கடற்காற்றோடு வந்து இலைமீது படிகின்றது. ஆகவே நம் பேட்டைத் தோட்டத்தின் முதல் பகை புழுதியன்று, உப்பே.

காகிதப்பூ

நாங்கள் நட்ட கொடிகளில் முதலில் எங்களை ஏமாற்றியதும், பின்னர் மகிழ்வித்ததும் காகிதப்பூதான். போகன்வில்லா என்பதும் இதுவே. 1767-ஆம் ஆண்டு, போகன்வில் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் உலகப் பயணத்தின்போது, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் இது சேகரிக்கப்பட்டது. சேகரித்தவர் கொம்மெர்சோன் என்னும் தாவர அறிஞர். அவருக்குத் துணையாகச் சென்றவர் ழான் பாரே என்னும் பெண்மணி. பெண்கள் கப்பலில் செல்ல அந்நாளில் அனுமதி இல்லை. எனவே ஆண் உடையில், ஆண் பெயரில் சென்றார். கொம்மெர்சோன் கால் புண்ணால் துன்புற்றதால், மலையேறிச் செடி பறித்தவர் பாரே அம்மையாராகவே இருக்கக்கூடும் எனக் கருதுவோர் உண்டு. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர். கொம்மெர்சோன் பெயரைப் பல செடிகள் தாங்கின. பாரேயின் பெயரை ஒரு செடிக்குச் சூட்ட 2012-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! தோழியரே, காகிதப்பூவைக் காணும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பூ என்று நினைக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவே அல்ல. அவை பூவடிச் செதில்கள். நடுவே இருக்கும் சிறிய வெண்ணிறக் குழல்களே மலர்கள்.

இக்கொடி வறண்ட காலமும் மழைக்காலமும் மாறி மாறி வரும் நிலத்தைச் சேர்ந்தது. ஆகவே வெயிலை விரும்பும், ஈரத்தை வெறுக்கும். நாள்தோறும் நீரும் வாரந்தோறும் உரமும் இட்டால் இலைதான் செழிக்கும், பூ வராது. நாங்கள் செய்த தவறு அதுவே. 2019-ஆம் ஆண்டுக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தோம். மற்ற செடிகள் கருகிய அந்நாளில், எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் யாரும் நீர் ஊற்றாத காகிதப்பூ இலை தெரியாமல் பூத்து நின்றது. அப்போது அது எங்களுக்கு வியப்பாய் இருந்தது. காரணம் இப்போது புரிகிறது.

நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்தில் தொட்டியை வையுங்கள். மேல் மண் விரலளவு ஆழம் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். பூத்து ஓய்ந்ததும் கவாத்துச் செய்யுங்கள். புதுக்கிளையிலேதான் பூ வரும். பென்சில் கனமுள்ள முற்றிய கிளையை அரையடி நீளம் வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டு வைத்தால் ஓரிரு மாதங்களில் வேர் பிடிக்கும்.

ரங்கூன் மல்லி

மாலையில் வெண்ணிறமாய் மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் செந்நிறமாகும் கொத்துப் பூ ரங்கூன் மல்லி. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். இந்த மாயத்திற்கும் காரணம் உண்டு. முதல் இரவில் வெண்மையும் நறுமணமும் கண்டு நீண்ட உறிஞ்சு குழலுடைய அந்துப்பூச்சிகள் வருகின்றன. பகலில் சிவந்த பூவைத் தேடித் தேனீக்களும் சிறு பறவைகளும் வருகின்றன. இதன் பழைய இலத்தீன் பெயர் 'குவிஸ்குவாலிஸ்' என்பது. 'யார்? எது?' என்பது அதன் பொருள். நிறம் மாறும் பூவுக்குக் கேள்வியே பெயராகிவிட்டது!

இப்பூவின் பெயரைக் கேட்டால் வடசென்னையில் ஒரு தலைமுறைக்கு வேறு நினைவும் வரும். 1964-ஆம் ஆண்டு பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆனபின், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். வியாசர்பாடியில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார் எழுந்தது. வேரோடு பெயர்ந்து வந்தவர்கள் வேறு மண்ணில் வேரூன்றினர்.

ரங்கூன் மல்லி, மழை மிகுந்த வெப்பக் காடுகளின் கொடி. பெரிய மரங்களின்மீது ஏறிப் பழகியது. ஆகவே நிறைந்த வெயிலோடு போதிய ஈரமும் வேண்டும். சிறு தொட்டி இதற்குப் போதாது. ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியும் வலுவான கம்பியும் தேவை. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடலாம். மிக விரைவாய்ப் படர்வதால், பூத்த பின் வெட்டாவிட்டால் அடுத்த வீட்டுச் சன்னலுக்குப் போய்விடும். அதனால் வரும் சண்டைக்கு நாங்கள் பொறுப்பல்ல!

பாடுகளின் மலர்

நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியர் அறிந்திருக்க வேண்டிய கொடி இது. தென் அமெரிக்காவுக்குச் சென்ற மறைபரப்புக் குருக்கள் அங்கே ஒரு விந்தையான மலரைக் கண்டு, அதில் ஆண்டவரின் திருப்பாடுகளைத் தியானித்தனர். நடுவிலுள்ள மூன்று சூலக முடிகள் மூன்று ஆணிகள். ஐந்து மகரந்தத் தாள்கள் ஐந்து திருக்காயங்கள். சுற்றியுள்ள இழைகள் முள்முடி. சுருண்ட பற்றுக்கம்பிகள் சாட்டைகள். வெளியே உள்ள பத்து இதழ்கள் பத்து அப்போஸ்தலர்கள். மறுதலித்த இராயப்பரும் காட்டிக்கொடுத்த யூதாசும் அந்தக் கணக்கில் இல்லை. நம் இராயபுரத்தின் பெயருக்குரிய இராயப்பருக்கு இம்மலரில் இடமில்லாமல் போனது எங்களுக்குச் சற்று வருத்தமே.

இம்மலரையே நம் நாட்டினர் கிருஷ்ண கமலம் என்பர். ஐந்து தாள்களைப் பஞ்ச பாண்டவராகவும், சுற்றியுள்ள இழைகளைக் கௌரவராகவும் காண்பர். ஒரே மலரைப் பார்த்து இரு சமயத்தாரும் இறைவனை நினைத்தது எத்தனை அழகு!

இதன் இனத்தைச் சேர்ந்த சிறுபூனைக்காலி நம் பகுதியில் காலி மனைகளிலும் இருப்புப்பாதை வேலிகளிலும் தானாகவே படர்கின்றது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. வேலியிலே அது வளர்கிறதென்றால், மாடியிலே அதன் உறவும் வளரும் அல்லவா? கம்பி வலையும் காலை வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். செம்பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இலைகளைத் தின்னும். அஞ்ச வேண்டாம், கொடி மீண்டும் தளிர்க்கும், பட்டாம்பூச்சியும் நமக்கு மிச்சம்.

வெயில் இல்லாத வீட்டுக்கு

வெயில் படாத வீட்டில் என்ன செய்வது? மணி பிளாண்ட் இருக்கிறது. காட்டு மரங்களின் நிழலில் பற்றுவேர்களால் ஏறி வாழ்வது அதன் இயல்பு. எனவே நேர் வெயிலில் வைத்தால் இலை கருகும். சன்னல் ஓரத்து வெளிச்சமே போதும். அது நம் வீடுகளில் பூப்பதே இல்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரெலின் என்னும் ஊக்கப்பொருளை அதனால் உண்டாக்க முடியாததே காரணம் என்று 2016-இல் அறிவியலார் கண்டறிந்தனர். பூக்காததற்காக அதை யாரும் வெறுப்பதில்லை. பசுமையே அதன் அழகு.

முதன்முதலாக வளர்க்கும் தங்கையருக்குச் சங்குப்பூவைச் சொல்வோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழிப்படி ஆடியில் விதைக்கலாம். விதையின் தோல் தடிப்பானது. ஆகையால் சொரசொரப்பான தரையில் இலேசாகத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து நடவேண்டும். அவரை இனத்தைச் சேர்ந்ததால், வேர் முடிச்சுகளிலுள்ள பாக்டீரியங்களின் துணையோடு தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும்.

கடற்காற்று நேரே அடிக்கும் காசிமேட்டுத் தோழியருக்கு நித்திய கல்யாணி ஏற்றது. கொடியன்று, சிறு செடியே. மணலிலும் சுவர் வெடிப்பிலும் பூக்கும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்கிரிஸ்டின் இச்செடியிலிருந்தே கிடைத்தது. ஆயினும் செடியைத் தின்பது நஞ்சு என்பதை மறவாதீர்.

மண்ணும் நீரும்

செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்பது எங்கள் கலவை. தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்தால் மண் அடைக்காது. எண்ணெய் டின், உடைந்த வாளி எதுவும் தொட்டியாகலாம். ஆனால் தொழிற்சாலைகளில் இரசாயனம் வந்த பீப்பாய்களை எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வாங்காதீர்கள். செடிக்கும் கேடு, கழுவும் கைக்கும் கேடு.

நீர்தான் நம் பெரிய கவலை. அம்மா குடத்தோடு நின்று பிடித்த தண்ணீரை அழகுச் செடிக்கு ஊற்றுவது நியாயமா என்று எங்களுக்குள் வாதமே நடந்தது. முடிவில், குடிநீரில் ஒரு சொம்பும் எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், மீன் கழுவிய நீர் ஆகியவை போதுமானவை. ஆனால் கருவாடு கழுவிய நீர் கூடாது. அதிலே உப்பு இருக்கிறது. ஆழ்குழாய் நீர் உப்பாயின், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படியும், இலை நுனி கருகும். அப்போது ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வெளியே வைத்து, துளை வழியே நீர் நன்றாய் ஓடி வடிய விடுங்கள். மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

உயர் நீதிமன்ற ஆணையின்படி 2011-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ஆயினும் லாரிகள் ஓயாத சாலையில் புழுதிக்குக் குறைவில்லை. அது இலைத்துளைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலைகளைத் துடைத்தால் உப்பும் புழுதியும் ஒன்றாய்ப் போகும். மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கொழுகொம்பு

முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலை நாம் பாடத்தில் படிக்கிறோம். கொடியின் தேவையைக் குறிப்பறிந்த மன்னன் அவன். ஆனால் எல்லாக் கொடியும் ஒரே விதமாய் ஏறுவதில்லை. சார்லஸ் டார்வின் இதை ஆராய்ந்து 1865-இல் எழுதினார். சங்குப்பூ சுற்றி ஏறும்; அதற்குக் கயிறு போதும். பாடுகளின் மலர் பற்றுக்கம்பியால் பிடிக்கும்; அதற்கு வலை வேண்டும். காகிதப்பூ முள்ளால் மாட்டிக்கொண்டு சாயும். அதை நாமே கட்டிவிட வேண்டும். மணி பிளாண்ட் வேரால் ஒட்டும். தென்னை நார் சுற்றிய கம்பை நடுங்கள். தேர்தான் வேண்டும் என்பதில்லை, தகுந்தது கொடுத்தால் போதும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆகவே தொட்டித் தட்டிலும் மணி பிளாண்ட் புட்டியிலும் நிற்கும் நீரை வாரம் இருமுறை கொட்டி, உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும்.

இரண்டாவது, நஞ்சு. அலமண்டா, அரளி இவற்றின் பாலும், மணி பிளாண்ட் இலையும் வாயில் படக்கூடாது. தவழும் தம்பி தங்கையர் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, புயல். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வார்தா புயலில் பெருமரங்களே சாய்ந்தன. எச்சரிக்கை வந்ததும் கைப்பிடிச் சுவரின்மேல் உள்ள தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். தெருவில் போகிறவரின் தலை நம் பூவைவிடப் பெரிது.

தங்கையருக்கு ஒரு வேண்டுகோள்

ஏழாம் வகுப்பில் பிழைத்த போத்துகளுள் மூன்றை நம் பள்ளி மாதா கெபியின் பக்கச் சுவரருகே நட்டோம். இன்று ரங்கூன் மல்லி கெபியின் வளைவைத் தொட்டுவிட்டது. காகிதப்பூ சென்ற மே மாத வணக்க மாதத்தில் முதன்முறையாய்ப் பூத்தது. மூன்றாவதான பாடுகளின் மலர் இன்னும் மொட்டு விடவில்லை. ஒருவேளை வரும் தவக்காலத்தில் மலரலாம். அப்போது நாங்கள் பொதுத்தேர்வு மேசையில் இருப்போம். அதன்பின் எங்களில் சிலர் இப்பள்ளியிலேயே தொடர்வோம். சிலர் வேறிடம் செல்வோம்.

எனவே ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, இக்கொடிகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம். காகிதப்பூவுக்கு வாரம் இருமுறை நீர் போதும், இரக்கப்பட்டு அதிகம் ஊற்றிவிடாதீர்கள். ரங்கூன் மல்லிக்குக் கோடையில் நாள்தோறும் வேண்டும். மூன்றாவது கொடியின் மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முதல் மலரை யாரும் பறிக்க வேண்டாம். மாதாவின் பாதத்தருகே கொடியிலேயே இருக்கட்டும். மலர்ந்த அன்று எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கிருந்தாலும் வந்து பார்ப்போம்.

வீட்டில் வளர்க்கப் போத்து வேண்டுவோர், தேர்வு விடுமுறைக்கு முன் எங்கள் வகுப்பில் வந்து கேளுங்கள். ஆனால் எங்கள் ஆசிரியை எங்களிடம் கேட்டதை நாங்களும் உங்களிடம் கேட்போம்: "இது எந்த ஊரில் பிறந்தது, தெரியுமா?"